சீனக்குடாவின் உப்பும் அலுமினியமும்

திருகோணமலைச் சீனக்குடாவில் வாடைமழை இறங்குமுன் ஒரு வேலை முடிந்தாக வேண்டும். திறந்தவெளியில் காட்சிக்கு நிற்கும் பழைய விமானத்தின் அடிவயிற்றில் வரிசையாக உள்ள சிறு துளைகள் எல்லாவற்றையும் குத்தித் திறந்துவிட வேண்டும். பறந்த காலத்தில் உள்ளே சேரும் ஈரம் வடிவதற்காக வைத்த துளைகள் அவை. நிலத்தில் நிற்கத் தொடங்கியதும் குளவி மண்கூடு கட்டி அடைத்துவிடுகிறது. அடைபட்ட வயிற்றுக்குள் மார்கழி மழை தேங்கும். பின்னர் வெயிலில் நீர் வற்ற, கடற்காற்றோடு வந்த உப்பு மட்டும் தங்கிவிடும்.

அனுமதி பெற்று விமானப்படை அக்கடமி வளாகத்துக்குள் நான் போனபோது, ஓய்வுபெற்ற பயிற்சி விமானம் ஒன்றின் கீழே கிண்ணியாக்காரர் ஒருவர் ஈர்க்குக் குச்சியோடு குந்தியிருந்தார். வாழ்நாள் முழுக்க டிங்கர் வேலை செய்தவர். அண்ணன் என்ற பொருளில் காக்கா என்றே கூப்பிட்டேன். இரண்டு இளம் சிப்பாய்கள் குழாயில் நன்னீர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மெதுவா அடிங்க. தகடு சேர்ந்திருக்கிற இடத்தில தண்ணிய நேரா பாய்ச்சினா உள்ளுக்குப் போயிடும்” என்றார் அவர்களிடம். சவர்க்கார நீரைக் கீழிருந்து மேலாகத் தேய்க்கச் சொன்னார். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு வழிந்து கோடு விழும்.

பிறகு என்னை இறக்கையின் அடிப்பகுதிக்குக் கூட்டிப்போனார். திருப்புளியின் மரப்பிடியால் ரிவெற் வரிசையை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங் என்று வந்த ஓசை ஓரிடத்தில் மழுங்கியது. அங்கே பெயின்ற் சற்றே கொப்பளித்திருந்தது. பிளாஸ்டிக் சுரண்டியால் நெம்பினார். வெள்ளைப் பொடி கொட்டியது. அதன் கீழே தகடு, நனைந்து காய்ந்த புத்தகத்தின் ஓரம்போல ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது.

விமானத் தகட்டின் வலுவே அதன் பலவீனமும். வெறும் அலுமினியம் மென்மையானது. அதனால் செம்பு கலந்து டியூராலுமினாக ஆக்குகிறார்கள். கலந்த செம்புதான் உப்பு ஈரம் பட்டதும் அரிப்புக்கு வழிவிடுகிறது. அதைத் தடுக்கவே மேலே தூய அலுமினியப் படலம் ஒன்றை ஒட்டுவார்கள். விழாவுக்கு முந்திய நாள் அவசர அவசரமாக உரசிப் பெயின்ற் அடிப்பவர்கள் அந்தப் படலத்தையும் சேர்த்து உரசிவிடுகிறார்கள். உருக்குக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் இன்னும் மோசம்: இரும்புத் துகள் தகட்டில் புதைந்துகொள்ளும். இரு உலோகங்களும் உப்பு நீரும் கூடினால் ஒரு சின்ன மின்கலம்தான். அலுமினியம் கரைந்துகொண்டே போகும். மக்னீசியக் கலவையில் வார்த்த பாகங்கள் இருந்தால் அவை அலுமினியத்துக்கும் முன்னதாகவே போய்விடும்.

“பெயின்ற் அடிச்சா ரெண்டு வருசத்துக்கு வடிவா நிக்கும் தம்பி. உள்ளுக்குச் செத்துக்கொண்டிருக்கும்” என்றார் காக்கா. இத்தகைய விமானங்களுக்கு முதலில் வேண்டியது கூரை, அடுத்தது நன்னீர், கடைசியாகத்தான் நிறம் என்பது அன்று எனக்கு உறுதிப்பட்டது. நம்மிடம் நிறத்துக்குத்தான் பணம் ஒதுக்குகிறார்கள்.

சீனக்குடா ஓடுபாதையின் வரலாறு பெரியது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, பிரித்தானிய விமானப்படையின் 261ஆவது அணி ஹரிக்கேன்களோடு இங்கிருந்துதான் எழுந்தது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. உருக்குக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரச்சட்டமும் துணியும் போர்த்திய பின்னுடல் கொண்டது ஹரிக்கேன். இந்த மழையிலும் கச்சான் காற்றிலும் வெளியே விட்டால் அந்தத் துணி சில ஆண்டுகள்கூடத் தாங்காது. 1951இல் தொடங்கிய இலங்கை விமானப்படை 1959இல் ஜெற் ப்ரொவோஸ்ற் விமானங்கள் பன்னிரண்டை வாங்கியது. முழுக்க உலோகத்தாலான அந்த வகை ரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

ரத்மலானையில் புக்காராவும் உண்டு. 90களில் வாங்கிய நான்கில் மிஞ்சிய ஒன்று. நாங்கள் சியாமாசெட்டி என்று அழைத்த சியாய்-மார்கெற்றியும் உண்டு. என் தலைமுறைத் தமிழருக்கு இவை முதலில் காதால் அறிந்த விமானங்கள். போர்க்காலத்தில் இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் ஓடினோம். சியாமாசெட்டி, பொம்மர், சகடை என்று ஓசையை வைத்தே பிள்ளைகள் பிரித்துச் சொன்னார்கள். அப்படிப்பட்ட ஒன்றைக் கழுவித் துடைத்துக் காக்க வேண்டுமா என்று கேட்பவர்களின் வலி எனக்குத் தெரியும். காக்கத்தான் வேண்டும் என்பேன். பொருள் உக்கிப்போனால், அது செய்ததற்கான சாட்சியும் அதோடு போய்விடும்.

கழுவி முடிந்ததும் சிப்பாய்களில் ஒருவர் வாலருகே ஈர அரத்தாளால் தேய்க்கத் தொடங்கினார். அடிப்பூச்சில் குரோமேற் கலந்திருக்கலாம், தூசு மூச்சில் போகக்கூடாது என்பதால் ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும். மேல்நிறம் கரைய, அடியிலிருந்து பழைய எண் ஒன்றின் விளிம்பு தலைகாட்டியது. “நிப்பாட்டுங்க!” என்று காக்கா ஓடிவந்தார். தொலைபேசியில் படம் எடுக்கச் சொன்னார். அளவுகோலை வைத்து இன்னொரு படம். உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடத்தைத் தொடாமல் விட்டுச் சுற்றிலும் நாடா ஒட்டச் செய்தார். புதிய பூச்சு எத்தனை வந்தாலும் அந்தத் துண்டு அப்படியே இருக்கும். யாரும் எழுதிவைக்காத ஒழுங்கு இது. அவர் ஓய்ந்தபின் யார் கடைப்பிடிப்பார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது. அந்த இளைஞர்கள் பக்கத்தில் நின்று கற்பதற்கு இன்னும் பல பருவங்கள் கொடுக்கப்பட வேண்டும்.

காட்சி விமானங்களின் முன்னால் நடும் பலகைக்கும் இதே கவனம் தேவை. வகை, இயந்திரம், சேவையில் இருந்த ஆண்டுகள் மட்டும் போதாது. போரில் பறந்த விமானமானால் எந்த ஊர்களுக்கு மேல் பறந்தது, எதைச் சுமந்து போனது, கீழே யார் இறந்தார்கள் என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். ஓட்டிச் சென்று திரும்பாத விமானிகளின் பெயர்களும் அதே பலகையில் இருக்கட்டும்.