சுவரின் கணக்கு

தில்லியில் நான் குடியிருக்கும் மாடியறையின் வெளிச்சுவரைக் குரங்குகள் பெயர்த்துவிட்டன. நம் ஊர்க் குரங்குக்கு வால் நீளம். இங்குள்ள செம்முகக் குரங்குக்கு வால்தான் குட்டை, குறும்பு குட்டையன்று. மழைநீர்க் குழாயைப் பற்றி ஊஞ்சலாடின. குழாயைப் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகள் பூச்சோடு பெயர்ந்து விழுந்தன.

வீட்டுக்கார அம்மையார் தனியே வாழும் முதியவர். நான் தரும் வாடகையே அவர் வருவாய். பூச்சு வேலைக்காக மூங்கில் சாரத்தை நாள்வாடகைக்கு எடுத்தார். "பேட்டா, மாலைக்குள் திருப்பிவிட வேண்டும்" என்றார்.

நண்பர்களே! சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு கூடியே இறுகுகிறது. ஏழு நாளாவது அதற்கு ஈரம் வேண்டும். அத்தனை நாளும் சாரத்தை நிறுத்திவைக்க அம்மையாரிடம் பணம் ஏது? மொட்டைமாடியிலிருந்து ஈரச்சாக்கைப் பூச்சின்மேல் தொங்கவிட்டேன். காலையும் மாலையும் மேலிருந்தே நீர் வார்த்தேன். சாரம் அன்றே திரும்பிற்று, பூச்சும் நிலைத்தது.

ஆயினும் செவ்வாய்தோறும் அக்கம்பக்கத்தார் குரங்குகளுக்கு வாழைப்பழம் வைக்கிறார்கள். பழத்துக்கு வரும் குரங்கு குழாயையும் விடுவதில்லை. பழம் வைத்தவருக்குப் புண்ணியம். கொத்தனார் கூலியும் சாரவாடகையும் அம்மையாருக்கு. ஈகை ஒருவருடையது, இழப்பு மற்றொருவருடையது என்றால், அதனை அறம் என்று சொல்லலாமா?