எட்டு இன்ச் டேபிள்!

‘டேபிள் வாங்குறதெல்லாம் ஒரு மேட்டரா பாஸ்?’ என்றுதானே கேட்கிறீர்கள்? போன மாசம் வரைக்கும் நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறவன், எட்டாம் கிளாஸ் லீவர் கணக்கில் ஃபெயிலான கதை இது.

எங்கள் ஊர் குந்தாரப்பள்ளி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற ஹைவேயில் ஒரு கூட்டுரோடு வரும், பார்த்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை என்றால் சுத்துப்பட்டுக்கே தெரியும். பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தின வாரம் ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வந்து இறங்குவார்கள். வீட்டில் தெலுங்கு, ஸ்கூலில் தமிழ், பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடம் கன்னடம் என்று மூன்று மொழி பேசுகிற ஜனம் நாங்கள்.

அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று போன் வந்தது. அவ்வளவுதான், அம்மாவுக்கு எங்கள் வீட்டு நடை திடீரென்று அசிங்கமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. வாசலிலிருந்து ஹாலுக்குப் போகிற நாலடி அகலச் சந்து அது. ஒரு பக்கம் செருப்பு ஸ்டாண்டு. இன்னொரு பக்கச் சுவரில் போன வருஷக் காலண்டர், அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் கரன்ட் பில்லும் பைக் சாவியும். “வர்றவங்க முதல்ல பார்க்குறதே இதைத்தான்டா. அந்த எடத்துல ஒரு நல்ல டேபிள் போட்டு பூ ஜாடி வெச்சா எவ்ளோ லட்சணமா இருக்கும்!” என்றார் அம்மா. பெங்களூரில் வேலை பார்க்கிற அக்கா அடுத்த நிமிஷமே செல்போனில் ஒரு படம் அனுப்பினாள். பதினாறு இன்ச் அகலம், தங்க நிறக் கால்கள்.

அந்த நடையில்தான் எங்கள் அவ்வா நடப்பார். போன வருஷம் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனது. இப்போது வாக்கர்தான் துணை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கட்டிலிலிருந்து வாசல்படி வரை. டாக்டர் சொன்ன எக்சர்சைஸ் அது. அவ்வாவைப் பொறுத்தவரை ஊரை வேடிக்கை பார்க்கக் கிடைத்த டிக்கெட்.

டேப் எடுத்து அளந்தேன். நடை 48 இன்ச். செருப்பு ஸ்டாண்டு 10. அக்கா அனுப்பிய டேபிள் 16. மிச்சம் 22. வாக்கர் 23! ‘பார்த்தியா, இன்ஜினீயர் மூளை’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஓசூரில் ஒரு கடையில் பத்து இன்ச் அகலத்தில் மூன்றடி நீள டேபிளைப் பிடித்தேன். மெல்லிசு, அழகு, ஒன்பதே கிலோ. பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்துவிட்டேன். அம்மா பூரித்துப்போய் பீங்கான் ஜாடியில் சாமந்தி வைத்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் காலேஜிலிருந்து வந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவ்வா வாக்கரோடு வந்தவர், என்னைப் பார்த்ததும் ஒரு கையை எடுத்து டேபிள் விளிம்பைப் பிடித்தார். டேபிள் அவரோடு சேர்ந்து வந்தது.

ஜாடி சுக்குநூறு. அவ்வா விழவில்லை. லீவில் வந்திருந்த அக்கா பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல” என்று எல்லோரும் சொன்னோம். ஆனால், அவ்வா மறுநாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. வாக்கரைக் கொண்டுபோய் நிறுத்தினால், “ஒத்து நாயினா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம்ப்பா என்று அர்த்தம். அதற்கடுத்த நாளும் அதே பதில். வெள்ளிக்கிழமை வந்தது, சந்தைக்குப் போகிற ஆடுகள் வாசலில் கத்திக்கொண்டு போயின. அவ்வா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

உலகம் முழுக்க வருஷத்துக்கு 6,84,000 பேர் தவறி விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கணக்குச் சொன்னது. அதில் வயதானவர்கள்தான் அதிகம். விழாமல் தப்பித்து, பயத்திலேயே படுத்துவிடுகிறவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள் இல்லையா?

அன்றைக்கு ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். டேபிள் உயரம் 32 இன்ச். கால்கள் விளிம்பிலிருந்து ரெண்டு இன்ச் உள்ளே தள்ளி இருக்கின்றன (பார்க்க ஸ்டைலாக இருக்குமாம்!). ஆக, முன்கால், பின்கால் இடைவெளி ஆறே இன்ச். டேபிளின் எடை நடுவில், அதாவது முன்காலிலிருந்து மூன்று இன்ச்சில் இருக்கிறது. முன் விளிம்பில் நேராக அமுக்கினால் 13.5 கிலோவில் குப்புற விழும். சரி, அதாவது பரவாயில்லை. மேல் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தால்? 9 கிலோவை 3-ஆல் பெருக்கி 32-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.84 வரும். ஒரு கிலோகூட இல்லை! அகலத்தைக் குறைக்கக் குறைக்க டேபிள் இன்னும் சுலபமாகச் சாயும். வழி விடுகிறதா என்று மட்டும் பார்த்தேனே தவிர, சாயுமா என்று பார்க்கவே இல்லை. செமஸ்டரில் இதே கணக்குக்குப் பத்து மார்க் வாங்கியவன் நான்.

இந்தத் தப்பு எனக்கு மட்டும் சொந்தமில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். சுவரில் பிணைக்காத டிராயர் அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்ததால், ஐகியா 2016-ல் அமெரிக்காவில் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. இப்படிச் சாய்வதைத் தடுக்கவே அங்கே 2022-ல் ஒரு சட்டம் வந்தது.

இன்னொன்றும் படித்தேன். இந்த ஒல்லி டேபிளுக்கு ‘கன்சோல்’ என்று பெயர். பிரெஞ்சில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் சுவரில் பதிக்கிற தாங்கி. பழைய பிரெஞ்சு மாளிகைகளில் முன்பக்கம் மட்டும்தான் கால், பின்பக்கம் சுவரோடு பிணைப்பு. சுவரை விட்டுத் தனியாக நிற்பதற்காகச் செய்த பொருளே இல்லை! (சைடுல ஒரு பிட்: டீப்பாய்க்கும் டீக்கும் சம்பந்தமில்லை. ‘திபாய்’ என்றால் மூன்று கால். நம்ம முக்காலியேதான்.)

மறுநாள் ஆசாரி அண்ணாவிடம் போனேன். கம்பெனிகளுக்கு மெஷின் வந்து இறங்குகிற பேக்கிங் மரம் எங்கள் பக்கம் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். ‘ஹெச்.டி.’ என்று முத்திரை இருக்கிற கட்டையாகப் பொறுக்கினேன். சூடுபடுத்திப் பூச்சி கொன்ற மரம் அது. ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். மாப் போடுகிற தண்ணி தினமும் படுகிற இடத்துக்கு எம்.டி.எஃப். பலகையும் வேண்டாம். உப்பி, பொரியாகிவிடும்.

“எட்டு இன்ச் போதும்ணா. முன்கால் ரெண்டும் விளிம்பிலேயே வரட்டும். பின்பக்கம் சுவர்ல ரீப்பர் அடிச்சு அதோட பிணைச்சிடலாம்.”

“முனையை வளைச்சு இழைச்சுத் தர்றேன் தம்பி. கெழவி இடுப்புல குத்தக் கூடாது” என்றார். இது என் நோட்டில் இல்லை.

சுவர்தான் வில்லன். ஹாலோ பிளாக் சுவர். டிரில் போட்டு பிளக் அடித்தால், உள்ளே பொந்து. ஸ்க்ரூ சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. கொத்தனார் வந்து ரெண்டு இடத்தில் கல்லை உடைத்துத் திறந்து, உள்ளே ஜல்லிக் கலவை போட்டு அடைத்தார். ஒரு வாரம் தண்ணி விட்டு ஆறப்போட்டோம். பெண் பார்க்க வருவதற்கு நாலே நாள் இருக்க, நடையில் சிமென்ட் ஒட்டுப்போட்ட சுவர். அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அப்புறம் ஆங்கர் போல்ட், ரீப்பர், டேபிள். விளிம்பைப் பிடித்து நான் தொங்கிப் பார்த்தேன். 62 கிலோ. அசையவில்லை.

அவ்வாவிடம், “வந்து பிடிச்சுப் பாரேன்” என்றேன். “நீயே பிடிச்சுக்கோ” என்றார். ரெண்டு நாள் கெஞ்சல். மூன்றாம் நாள் அக்கா ஒரு வேலை பண்ணினாள். அவ்வாவின் வெற்றிலைப் பெட்டியை எடுத்துப்போய் டேபிள்மேல் வைத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்துகொண்டாள். அரை மணி நேரம் பொறுத்த அவ்வா, எங்களைத் திட்டிக்கொண்டே வாக்கரை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நல்ல ஆகிருதி. உள்ளே நுழைந்ததும் டேபிளில் ஒரு கையை ஊன்றி, முழு பாரத்தையும் போட்டு, நிதானமாக ஒவ்வொரு செருப்பாகக் கழற்றினார். பூ ஜாடியை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. நானும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பத்து நாளைக்கு அப்புறம் அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சம்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. ‘ஜாதகம் பார்த்துட்டுச் சொல்றோம்’ என்று போயிருக்கிறார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை காலேஜுக்குக் கிளம்பும்போது அவ்வா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். சந்தைக்கு ஒருத்தர் கிடாய் ஓட்டிக்கொண்டு போனார். “எவ்வளவு சொல்றே?” என்று நிறுத்தினார் அவ்வா. “பதினஞ்சாயிரம்” என்றார் அவர்.

“இதுக்கா? பன்னெண்டுக்கு மேல ஒத்தன் கேக்க மாட்டான், போ!”