கேமராவைக் கீழே வச்சவர்

போன வாரம் ஆபீஸ்ல கூப்பிட்டு உக்கார வச்சு, "இனிமே நீ கோட் எழுத வேண்டாம், எட்டுப் பேரை வச்சு எழுத வாங்கணும்"னு சொன்னாங்க. சம்பளம் ஏறும், பேருக்குப் பின்னாடி ஒரு பட்டமும் வரும். வெளில வந்து டீ குடிக்கறப்போ, இது சந்தோஷப்பட வேண்டிய விஷயமா இல்லையான்னே புரியலை. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம, பழைய புத்தகக் கடைல பேரம் பேசி வாங்கின ஒரு புத்தகத்தை எடுத்தேன். 1973ல வந்தது. நூறு போட்டோ, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ப் பக்கத்துல ஒரே ஒரு பக்க எழுத்து, அவ்வளவுதான். எழுதினவர் ஜான் ஷார்கௌஸ்கி. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துல (மோமான்னு சொல்வாங்க) 1962லேர்ந்து 1991 வரைக்கும் போட்டோகிராபித் துறைக்குத் தலைவரா இருந்தவர். எந்தப் படம் சுவத்துல ஏறணும்னு 29 வருஷம் முடிவு பண்ணின ஆளு.

ஆனா எனக்கு உறைச்சது வேற. இவரே ஒரு நல்ல போட்டோகிராபர். 1925ல விஸ்கான்சின்ல பிறந்தவர். கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவனோட கட்டடங்களைப் படம் எடுத்து 1956ல ஒரு புத்தகம், மினசோட்டா மாநிலத்தைப் பத்தி 1958ல இன்னொண்ணு. ரெண்டு தடவை குகன்ஹைம் உதவித்தொகை வேற வாங்கியிருக்கார். இப்படிப் போயிட்டிருந்த மனுஷனுக்கு 36 வயசுல மோமா வேலை வந்தது. ஒத்துக்கிட்டார். அதுக்கப்புறம் அவரோட சொந்தப் படங்கள் வெளில தெரியவேயில்லை. அடுத்தவங்க படத்தைப் பார்க்கறதே தொழிலாப் போச்சு.

அவருக்கு முன்னாடி அந்த நாற்காலில இருந்தவர் எட்வர்ட் ஸ்டைக்கன். 1955ல 68 நாடுகள்லேர்ந்து 503 படங்களைத் திரட்டி, மனுஷங்க எல்லாரும் ஒரே குடும்பம்னு சொல்ற மாதிரி ஒரு பிரம்மாண்டமான கண்காட்சி நடத்தினவர். அதுல படம்ங்கறது ஒரு பெரிய கதைக்குள்ள ஒரு வரி மாதிரி. ஷார்கௌஸ்கி அப்படியே எதிர்த் திசைல போனார். ஒரு போட்டோ எப்படிப் போட்டோவா வேலை செய்யுது? 1964ல இதை மட்டுமே வச்சு ஒரு கண்காட்சி நடத்தி, ரெண்டு வருஷம் கழிச்சுப் புத்தகமாவும் போட்டார். எதிர்ல இருக்கற பொருள், நுணுக்கம், சட்டகம், நேரம், பார்க்கற கோணம்னு அஞ்சு விஷயம். இன்ஜினியரிங் படிச்சவனுக்கு இப்படி ஸ்பெக் எழுதிக் குடுத்தா உடனே பிடிச்சுப்போகும் :-)

1967ல டயான் ஆர்பஸ், லீ ஃப்ரீட்லாண்டர், கேரி வினோக்ராண்ட்னு மூணு பேரை ஒண்ணா மாட்டினார். உலகத்தைத் திருத்தறதுக்காகப் படம் எடுக்கறவங்க இல்லை இவங்க, தெரிஞ்சுக்கறதுக்காக எடுக்கறவங்கன்னு சொன்னார். 1976ல வில்லியம் எகிள்ஸ்டனோட வண்ணப் படங்கள். மோமால கலர் படம் வர்றது அதான் முதல் தடவைன்னு பல பேர் எழுதறாங்க, தப்பு. 1962லயே எர்ன்ஸ்ட் ஹாஸ் வந்தாச்சு. ஆனா மூணு சக்கர சைக்கிளும் பல்பு மாட்டின சிவப்பு சீலிங்கும் கலைன்னு சொன்னது இங்கதான். ஷார்கௌஸ்கி கச்சிதமான படங்கள்னு எழுதினதையே பிடிச்சுக்கிட்டு, கச்சிதமான சலிப்புன்னு கிண்டலடிச்சது நியூயார்க் டைம்ஸ் விமர்சனம். இப்போ எகிள்ஸ்டன் இல்லாம கலர் போட்டோ வரலாறு எழுத முடியாது.

எல்லாமே சரியாப் பண்ணினார்னு சொல்ல மாட்டேன். ஒரே ஆளோட ரசனை இத்தனை வருஷம் வாசல்ல நின்னா உள்ள வராம நின்னுபோறவங்களும் இருப்பாங்க. ராய் டிகராவா மாதிரி ஒரு பெரிய கறுப்பினக் கலைஞரோட முழுத் தொகுப்பும் மோமால மாட்டப்பட்டது 1996லதான், இவர் போய் அஞ்சு வருஷம் கழிச்சு.

என்னை ரொம்பப் படுத்தினது வினோக்ராண்ட் விஷயம். 1984ல செத்துப்போறப்போ அந்த மனுஷன் சுமார் 2,500 ரோல் ஃபிலிமைக் கழுவாமலேயே விட்டுட்டுப் போயிருந்தார். 36ஆல பெருக்கிப் பாருங்க, தொண்ணூறாயிரம். கழுவியும் சரியாப் பார்க்காத ரோல்கள் இன்னும் ஆயிரக்கணக்குல. ஷார்கௌஸ்கி அதையெல்லாம் கழுவ வச்சு, உக்காந்து பார்த்தார். 1988 கண்காட்சிக்கு எழுதினப்போ, கடைசி வருஷப் படங்கள்ல நண்பரோட கை தளர்ந்துபோச்சுன்னு ஒளிக்காமச் சொன்னார். அடுத்தவன் கோடை ரிவ்யூ பண்ணிட்டு "நல்லாயிருக்கு"ன்னு பொய் சொல்லி நழுவற எனக்கு அந்த இடம் சுருக்குன்னுச்சு.

1968ல மோமா வாங்கின அட்ஜேயோட பாரிஸ் படங்கள் சுமார் அஞ்சாயிரம். அதை மரியா மோரிஸ் ஹாம்பர்க்கோட சேர்ந்து நாலு தொகுதியாப் போட்டு முடிக்க 1985 ஆச்சு. பதினேழு வருஷம்! நம்ம ஊர்ல ஒரு ப்ராஜெக்ட் பதினேழு மாசம் இழுத்தாலே எஸ்கலேஷன்.

1991ல ஓய்வு. அப்புறம் என்ன பண்ணினார் தெரியுமா? திரும்பவும் கேமராவைத் தூக்கிட்டார். பழைய கொட்டகைகள், தன்னோட தோட்டத்து ஆப்பிள் மரங்கள். 2005ல சான் ஃபிரான்சிஸ்கோல அவர் படங்களோட கண்காட்சி. அடுத்த வருஷம் அது மோமாவுக்கே வந்தது. அத்தனை பேர் படத்தை ஏத்தின அதே இடத்துல அவர் படம் ஏறறப்போ வயசு எண்பது. 2007ல போயிட்டார்.

நடுவுல போன அந்த 29 வருஷத்துல எடுக்காமப் போன படங்கள் எத்தனைன்னு கணக்குப் போட வழியில்லை. அவர் பார்க்கலைன்னா யார் கண்லயும் படாமப் போயிருக்கக்கூடிய படங்களுக்கும்தான்.

நேத்து ராத்திரி என் ஹார்ட் டிஸ்கைத் திறந்தேன். குன்னூர் டிரிப், 1,140 படம், எடுத்ததோட சரி. மூணு மணி வரைக்கும் உக்காந்து பதினொண்ணு தேறுச்சு. அதுல ஒண்ணு, பஸ் ஜன்னல்ல சாஞ்சு தூங்கற அப்பா. எடுத்த ஞாபகமே இல்லை.

மெயிலுக்கு இன்னும் பதில் போடலை.