சிக்கலில் வெண்ணெய், வேளாங்கண்ணியில் மோர்

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் சாலையில், நாகைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் முன்னதாகவே சிக்கல் வந்துவிடும். வேளாங்கண்ணிக்குப் புறப்பட்ட அந்தக் குடும்பம் முதலில் இறங்கியது சிக்கலில்தான். அது பாட்டி விதித்த நிபந்தனை. "சிங்காரவேலரைத் தரிசிக்காமல் அந்த வழியே போவதென்றால் நான் வரவில்லை" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

பயணத்துக்குக் காரணம் ஐந்து வயதுப் பேரன். பாதம் உட்புறமாக வளைந்து பிறந்த குழந்தை. வாரந்தோறும் மாவுக்கட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் இரவு நேரத்தில் விசேஷக் காலணி என்று மருத்துவர்கள் பாதத்தை நேராக்கினார்கள். அந்நாட்களில் பாட்டி வைத்தீஸ்வரன்கோயிலுக்குச் சென்று, வெள்ளியில் கால் உரு வாங்கி உண்டியலில் செலுத்தினார். மருமகளோ, மருத்துவமனையில் அருகே காத்திருந்த ஒரு தாயின் சொல்லைக் கேட்டு ஆரோக்கிய மாதாவுக்கும் நேர்ந்துகொண்டாள். நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் அதை வீட்டில் சொன்னாள். "வைத்தியநாதன் போதவில்லையா?" என்று பாட்டி கேட்டது ஒரே ஒரு முறை. அதன் பின் சில வாரங்கள் இருவருக்குமிடையே தேவைக்கு மேல் பேச்சில்லை. ஆயினும் நேர்ந்ததைச் செலுத்தாமல் வைத்திருக்கலாகாது என்பதிலும் அவர் உறுதியானவர். ஆகவே தாமும் உடன் வந்தார்.

சிக்கல், கோச்செங்கட் சோழர் எழுப்பிய மாடக்கோயில்களுள் ஒன்று. படியேறிச் சென்றால் வெண்ணெய்நாதர். அம்பிகையின் திருநாமம் வேல்நெடுங்கண்ணி. சூரனை அழிக்க முருகன் அன்னையிடம் வேல் பெற்ற தலம் இதுவே. கந்த சஷ்டியில் வேல் வாங்கும் நாளன்று சிங்காரவேலரின் திருமேனியில் வியர்வை அரும்புவதைக் காணக் கூட்டம் அலைமோதும்.

குளக்கரையில் அமர்ந்து பாட்டி பேரனுக்குத் தலபுராணம் சொன்னார். பஞ்ச காலத்தில் பசி தாளாமல் காமதேனு மாமிசம் உண்டது. அந்தப் பிழையால் புலிமுகம் பெற்றது. இத்தலத்தில் நீராடிச் சாபம் நீங்கியபோது மடி சுரந்து குளமே பாலாயிற்று. அந்தப் பாலின் வெண்ணெயைத் திரட்டி வசிஷ்டர் சிவலிங்கம் அமைத்தார். சிறுவனுக்கு வெண்ணெயைவிடப் புலிமுகமே பிடித்திருந்தது.

நாகையிலிருந்து தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் வேளாங்கண்ணி. வழியெல்லாம் பாட்டி 'வேல்நெடுங்கண்ணி, வேளாங்கண்ணி' என்று இரண்டு பெயர்களையும் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆகஸ்டு 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழாவின்போது ஊருக்குள் நுழைவதே அரிது. முதியவர்கள் மற்ற நாட்களில் செல்வது நலம். 1962-இல் பசிலிக்கா என்னும் தகுதி பெற்ற வெண்ணிற ஆலயம். உள்ளே மாதாவுக்கு நம் வழக்கப்படியே புடவை சாத்தியிருப்பதைப் பாட்டி வெகுநேரம் பார்த்தார். காணிக்கைகளை வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் கண், கை, தொட்டில் என்று எத்தனையோ உருக்கள். அவற்றினிடையே சிறு வெள்ளிக் கால்கள். வைத்தீஸ்வரன்கோயிலில் அவர் வாங்கிச் செலுத்தியதற்கும் இவற்றுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தார்.

ஆலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையே மணற்பாதை ஒன்று உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் முழந்தாளிட்டே அதைக் கடப்பார்கள். மருமகளின் வேண்டுதலும் அதுதான். பகல் பதினொரு மணி வெயில். பாதி தூரத்தில் அவள் தளர்ந்து நின்றபோது தலைக்கு மேல் நிழல் விழுந்தது. பாட்டி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். குளம் வரையிலும் அப்படியே நடந்தார்.

குளக்கரையில் கூறப்படும் வரலாறு, பால் கொண்டுபோன ஒரு சிறுவனைப் பற்றியது. ஆலமர நிழலில் இளைப்பாறியவனிடம் கைக்குழந்தையுடன் ஒரு பெண்மணி தோன்றிப் பால் கேட்டாள். கொடுத்துவிட்டுக் குறைந்த பாலுடன் போனான். சென்ற இடத்தில் குடம் பொங்கி வழிந்தது. நடுத்திட்டில் கூறப்படுவது மோர் விற்ற வேறொரு சிறுவனின் கதை. அவனுக்குக் கால் ஊனம். மோர் கேட்ட அன்னைக்கு ஈந்தான்; எழுந்தபோது ஓடினான். மருமகள் இந்தக் கதையைக் கேட்டுத்தான் நேர்ந்திருந்தாள். பாட்டிக்கு அது அன்றுதான் தெரிந்தது.

கடற்கரைக்குச் செல்லும் கடைவீதி ஒரு தனி உலகம். மெழுகுவர்த்தி, சங்குமாலை, பொரி, பேரீச்சம்பழம். மணலை நெருங்க நெருங்க எண்ணெய்ச் சட்டிகள். மிளகாய் தடவிய மீனும் இறாலும் தட்டுகளில் வரிசையாக இருக்கும். கைகாட்டினால் கண்ணெதிரே பொரித்துத் தருவார்கள். 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் கடல் புகுந்து யாத்திரிகர்களையும் கடைக்காரர்களையும் நூற்றுக்கணக்கில் கொண்டுபோயிற்று. அதே மணலில் மீண்டும் அடுப்பு மூட்டியவர்கள் இவர்கள்.

தலைமுறை தலைமுறையாகப் புலால் மறுத்த குடும்பம் அது. கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதம் காரின் வெப்பத்தில் புளித்துப் போயிருந்தது. பசியோடிருந்த பேரன் ஒரு கடைமுன் நின்று உரக்கக் கேட்டான்: "பாட்டி, இதைச் சாப்பிடுகிறவர்களுக்கெல்லாம் புலிமுகம் வருமா?"

மருமகள் பதறிப்போனாள். கடைக்கார அம்மாளின் கரண்டி சட்டியிலேயே நின்றது. பாட்டி குனிந்து பேரனின் தோளைத் தொட்டார். "வராதப்பா. அது பஞ்சத்தில் ஒரு பசுவுக்கு வந்தது. இந்த அம்மா வந்தவர்களின் பசியை அல்லவா ஆற்றுகிறார்!"

கடைக்கார அம்மாள் சிரித்துவிட்டார். "நீங்க சைவமா பாட்டி? அந்தத் திருப்பத்தில் சைவக் கடை இருக்கு, நல்லா இருக்கும். வெயிலுக்கு முதல்ல மோர் குடிங்க" என்று எதிரே மண்பானையுடன் அமர்ந்திருந்தவரைக் காட்டினார்.

பாட்டி வெளியூர்க் கடைகளில் தண்ணீரும் வாங்கிக் குடிப்பதில்லை. கறிவேப்பிலை மிதந்த மோரை நான்கு குவளை கேட்டார். மகன் வியப்புடன் பணம் எடுத்தான். முதல் குவளையைப் பேரன் தனக்கென்று கை நீட்டினான்.

"பொறு. அம்மா முட்டி தேய வந்திருக்கிறாள். முதலில் அவளுக்கு" என்றார் பாட்டி.

"நீங்கள் குடியுங்கள் அத்தை."

"குடி அம்மா. உன் கால் எரியுமே."

மாலையில் திரும்பும்போது காரின் பின்னிருக்கையில் பேரன் உறங்கிவிட்டான். அவன் கால்களைப் பாட்டி தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சிக்கல் கோபுரம் தெரிந்ததும் இருவரும் ஒன்றாகவே கைகூப்பினார்கள்.