சீட்டு மாறியது, முதுகு பிழைத்தது!

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. பதறாதீர்கள், அவள் ஒரு கார்! 1967-ல் பிறந்த எம்.ஜி.பி. கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். வசதியாக இரண்டே பேர்தான் உட்காரலாம். இங்கிலாந்தில், நாங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே உள்ள ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலையை 1980 அக்டோபரில் மூடிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து, புது மணப்பெண்ணாக நான் லண்டனில் வந்து இறங்கினேன். பட்டுப் புடவை, மேலே கம்பளிக் கோட்டு. அந்தக் கோலத்தில் தரையோடு தரையாக உட்காரவைத்து வீட்டுக்கு அழைத்து வந்தார் இவர்.

போன வருஷம் இவருக்கு முதுகுவலி. அரைமணி ஓட்டினால், இறங்கி நிமிர ஐந்து நிமிஷம் ஆகும். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "முதுகெலும்பில் பெரிய கோளாறு இல்லை. எப்படி உட்காருகிறீர்கள் என்று கவனியுங்கள்" என்றார். இவரோ, "வயசாயிடுச்சு, காரை வித்துடலாம்" என்றார். சொன்னவர் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் நானே போய் அந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். குழியில் விழுந்த மாதிரி இருந்தது! முழங்கால் இடுப்பைவிட மேலே. நடு முதுகுக்குத் தாங்கலே இல்லை. அடியில் கைவிட்டால் பழைய ஃபோம் மஞ்சள் பொடியாக உதிர்ந்தது.

"என்னங்க, கோளாறு உங்க முதுகிலே இல்லே. சீட்டிலே!"

சீட்டைக் கழற்றினோம். ஒவ்வொன்றுக்கும் நான்கு போல்ட். முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். சறுக்குக் கம்பிக்கு அடியில் மரப்பட்டைகள் உண்டு. எது எந்தப் பக்கம் என்று எழுதி வைத்தேன். கம்பளத்தைத் தூக்கினால் ஒரு மூலையில் துரு. சீட்டு நிற்பதே அந்தத் தரையை நம்பித்தானே? வெல்டிங் செய்ய இரண்டு வாரம் ஆயிற்று.

பழைய உறையைப் பிரிக்கும்போது மூக்கு, வாயைத் துணியால் மூடிக்கொண்டோம். அந்த இடுக்கில் ஒரு குட்டி வெள்ளி மணி! என் பெண்ணின் கொலுசு மணி. 1982-ல் பிரசவமாகி, பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இதே சீட்டில்தான் வீட்டுக்கு வந்தேன். பெல்ட்டும் போடவில்லை. முன் சீட்டில் பெல்ட் போட வேண்டும் என்ற சட்டம் இங்கே 1983 ஜனவரி 31-ல்தான் வந்தது. மணி கிடைத்ததில் சந்தோஷப்பட வேண்டிய நான், வெடவெடத்துப் போனேன். ஒரு பிரேக் வேகமாகப் போட்டிருந்தால்?

அப்போதுதான் கவனித்தேன், அந்த சீட்டில் தலைக்கும் தாங்கல் இல்லை. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் கழுத்து பின்பக்கம் வெடுக்கென்று மடியும். மாஸ்டா எம்.எக்ஸ்-5 சீட்டை வாங்கிப் பொருத்துகிறவர்கள் இங்கே நிறைய. அதைச் சொன்னதும் இவருக்குக் கோபம்.

"ஒரிஜினல் போயிடும்!"

"சீட்டுக்கு ஒரிஜினல் கிடைக்கும். கழுத்துக்குக் கிடைக்குமா?"

மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் சமாதானம்: பின்னாளில் வந்த எம்.ஜி.பி.யின் சீட்டுகளை வாங்குவது. 1977 முதல் வந்தவற்றில் தலைத் தாங்கல் உண்டு. கடற்கரைச் சாய்வு நாற்காலி மாதிரிக் கோடு போட்ட துணி! அதைக் கழற்றிவிட்டு, அடியில் தொய்ந்திருந்த ரப்பர் விரிப்பை மாற்றினோம். கொக்கிகளை மாட்டுவதற்குள் கை வலித்துவிட்டது. பிறகு புது ஃபோம், தயாராகக் கிடைக்கும் கறுப்புத் தோல் உறை. அவசரப்பட்டு, குளிர்ந்த ஷெட்டிலேயே உறையை இழுத்தேன்; தையல் பிரிந்தது! திரும்பத் தைத்து, சூடான அறையில் வைத்து இளக்கிய பிறகு, தலையணை உறை மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறியது.

இப்போது இவர் ஒரு மணி ஓட்டினாலும் முனகுவதில்லை. வலி முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் விற்கும் பேச்சு போய்விட்டது. பழைய சீட்டுகள் பரணில் பத்திரமாக இருக்கின்றன. தலைக்குத் தாங்கல் இல்லாமல் நாற்பது வருஷம் ஓட்டியதை நினைத்தால் அவருக்கே இப்போது சிரிப்பு வருகிறதாம்.

உங்கள் வீட்டு சோபாவையும் நாற்காலியையும் ஒருநாள் கையால் அழுத்திப் பாருங்கள். அமுங்கியது எழும்பி வராவிட்டால், உங்கள் முதுகைக் குற்றம் சொல்லாதீர்கள். காரில் போகும் இளம் தாய்மார்களே, குழந்தைக்கு அம்மா மடியைவிடப் பாதுகாப்பான இடம் உலகத்தில் இல்லை என்பார்கள். ஓடும் காரில் அது உண்மையில்லை. குழந்தைக்கென்று உள்ள சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டைப் போடுங்கள். அந்த வெள்ளி மணியை இப்போது என் சாவிக்கொத்தில் கோத்திருக்கிறேன். கார்க் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது எனக்கு ஞாபகப்படுத்துகிறது.