விளக்கு அணைந்ததும் விலை மறக்குமா?

சனிக்கிழமை ராத்திரி குடும்பத்தோடு நாலு பேர் ஹோட்டலுக்குப் போகிறோம். சூப், நான், பட்டர் பனீர், கடைசியில் யாரும் முழுசாகச் சாப்பிடாத ஐஸ்க்ரீம். பில் 2,000 ரூபாயைத் தாண்டுகிறது. சோம்பை வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் கார்டை நீட்டுகிறோம். அதே நாலு பேர், அதே சனிக்கிழமை, நாடக டிக்கெட் ஆளுக்கு 500 என்றால் மட்டும் வீட்டில் பட்ஜெட் கூட்டத் தொடர் ஆரம்பமாகிவிடும். ‘டிராமாவுக்குப் போய் ஐநூறா? கொஞ்ச நாள் பொறுத்தா யூடியூப்லயே வந்துடுமே!’

ஐநூறுக்கே நமக்கு மூச்சு வாங்குகிறது. வெளியே எங்கே போயிருக்கிறது விலை என்று பாருங்கள்.

2001-ல் நியூயார்க்கின் பிராட்வேயில் ‘தி புரொட்யூசர்ஸ்’ என்ற இசை நாடகம் ஓகோவென்று ஓடியது. பிளாக்கில் டிக்கெட் விற்றவர்கள் கொழித்தார்கள். ‘நாம் நாடகம் போட, அவன் சம்பாதிப்பதா?’ என்று தயாரிப்பாளர்களே களத்தில் இறங்கினார்கள். நல்ல சீட்டாகக் கொஞ்சம் எடுத்து வைத்து, விலை 480 டாலர் என்று அறிவித்தார்கள். மற்றபடி அந்த நாடகத்தின் உசந்த டிக்கெட்டே 100 டாலர்தான். 2016-ல் ‘ஹாமில்டன்’ வந்து அதையும் தூக்கிச் சாப்பிட்டது. அதன் ஆக உயர்ந்த சீட்டுக்கு 849 டாலர் வைத்தார்கள். கூடவே இன்னொன்றும் செய்தார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் 46 சீட்டைக் குலுக்கலில் பத்தே டாலருக்குக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் பத்து டாலர் நோட்டில் இருப்பது அந்த ஹாமில்டனின் முகம்தான். அவரை நீட்டி, அவரையே பார்க்கலாம்!

கொஞ்சம் யோசியுங்கள். ஒரே ஹால், ஒரே ராத்திரி, ஒரே பாட்டு. ஒருத்தர் கொடுத்தது 849, இன்னொருத்தர் கொடுத்தது 10. இவர்களில் யார் பார்த்தது நல்ல நாடகம்?

பி.காம். முதல் வருஷத்திலேயே எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. விலை என்பது சரக்கின் தரத்தைச் சொல்வதில்லை. அதை வாங்க நிற்கிற க்யூவின் நீளத்தைத்தான் சொல்கிறது. ஆகவே, ‘இவ்வளவு விலை போட்டிருக்கான், நல்லாத்தான் இருக்கும்’ என்று நினைத்துப் போகிறவரும், ‘இவ்வளவு விலையா, ஏமாத்து வேலை’ என்று போகாமலே இருக்கிறவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். இருவருமே டிக்கெட்டைப் பார்க்கிறார்கள், நாடகத்தைப் பார்க்கவில்லை.

சரி, நாடகக்காரர்கள் கொள்ளைதான் அடிக்கிறார்களா?

வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்று இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 1966-ல் மேடைக் கலைகளின் வரவு செலவை நோண்டி ஒரு புத்தகம் எழுதினார்கள். விஷயம் ரொம்ப எளிது. சட்டை தைக்கிற ஃபேக்டரியில் மெஷின் போட்டால் பத்துப் பேர் வேலையை ஒருவர் செய்துவிடலாம். நாலு பேர் சேர்ந்து வாசிக்க வேண்டிய இசையை, எத்தனை மெஷின் வந்தாலும், அதே நாலு பேர்தான் அதே அரை மணி நேரம் வாசித்தாக வேண்டும். ஆனால், வெளியே எல்லோர் சம்பளமும் ஏறுகிறதே, இவர்களுக்கும் ஏற வேண்டாமா? அதனால் சட்டை மலிவாகிக்கொண்டே போகும், நாடகம் விலை கூடிக்கொண்டே போகும்.

நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன். சிவாஜி ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகத்தை 1957-ல் மேடையேற்றினார். 1959-ல் அது படமாக வந்தது. படத்தில் ஒரு தரம் கர்ஜித்தார், பெட்டி பெட்டியாக ஊர் ஊராகப் போனது. மேடையில் ஒவ்வொரு ராத்திரியும் அவரே வந்து, அவர் தொண்டையாலேயே கர்ஜிக்க வேண்டியிருந்தது. சினிமா டிக்கெட் பிரதிக்குக் கொடுக்கிற காசு. நாடக டிக்கெட் அசலுக்குக் கொடுக்கிற காசு.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் ஒரு சின்னக் குழு. மேடையிலும் பின்னாலும் சேர்த்து 15 பேர். டிக்கெட் 300 ரூபாய், 300 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வசூல் 90,000. ஹால் வாடகை, லைட், மைக், செட், மேக்கப், வேன், காபி, டிபன் என்று 60,000 கழியட்டும். மீதி 30,000. ஆளுக்கு 2,000. இதற்காக 20 சாயங்காலம் ஒத்திகைக்கு வந்திருக்கிறார்கள். முதல் காட்சி முடிந்ததும் வகுத்துப் பார்த்தால் நாளுக்கு நூறு ரூபாய்கூடத் தேறாது. ஹால் நிறைந்தாலே இப்படி என்றால், பாதி ஹால் பாஸில் வந்தவர்களாக இருந்தால்?

சர்க்காரும் இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. நாடக டிக்கெட் 250 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. கிடையாது என்று இருந்ததை 2018 ஜனவரியில் 500 ஆக்கினார்கள். அதற்கு மேல் போனால் 18 சதவிகிதம் என்று வைத்தார்கள். ஆக, 501-வது ரூபாயில் கலை ஆடம்பரமாகிவிடுகிறது!

பாஸ் என்றேன் இல்லையா? பத்திரிகைக்காரன் என்பதால் எனக்கும் பாஸ் வரும். பாஸில் போனால் ஒரு வசதி. பிடிக்கவில்லை என்றால் இடைவேளையில் நைஸாக நழுவிவிடலாம். காசு கொடுத்தவர்களால் அது முடிவதில்லை. அமெரிக்காவில் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை சோதித்தே பார்த்தார்கள். ஓஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, 15 டாலர். சிலருக்கு 2 டாலர் தள்ளுபடி, சிலருக்கு 7 டாலர் தள்ளுபடி. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. எல்லோருக்கும் அதே நாடகங்கள்தான். சீசனின் முதல் பாதியில் யார் அதிக நாடகத்துக்கு வந்தார்கள் தெரியுமா? முழு விலை கொடுத்தவர்கள். இரண்டாவது பாதியில் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. 1985-ல் இதை வெளியிட்டார்கள். போன காசு போனதுதான், அதை நினைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்று காமர்ஸ் பாடம் சொல்லும். மனசு கேட்காது. ‘கொடுத்த காசுக்குப் பார்த்துட்டுத்தான் போகணும்’ என்று உட்கார்ந்திருக்கும்.

விலை அதிகமான டிக்கெட்டில் இருக்கிற ஆபத்து இதுதான். காசு நம்மோடு கூடவே ஹாலுக்குள் வந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். நாடகம் நெடுக நம் காதில் பேசிக்கொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டுக்கும் இந்தப் பரீட்சை வந்தது. 2025 மார்ச்சில் ‘தி பேன்டம் ஆஃப் தி ஆபரா’ மும்பைக்கு வந்தது. பிராட்வேயில் 1988-ல் ஆரம்பித்து 2023 வரை, 35 வருஷம் ஓடிய நாடகம். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் 2023-ல் திறந்தார்களே, நீதா முகேஷ் அம்பானி கலாசார மையம், அங்கே. என் மகள் காலேஜ் முதல் வருஷம். காலேஜ் நாடகக் குழுவில் இருக்கிறாள். அந்தப் பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

“எல்லாரும் போலாம்ப்பா. இது மறுபடி இந்தியாவுக்கு எப்ப வருமோ!”

பேப்பர் எடுத்து உட்கார்ந்தேன். டிக்கெட், ரயில், தங்கல், சாப்பாடு, ஆட்டோ. அம்மாவையும் சேர்த்து நாலு பேருக்கு 50,000-ஐத் தொட்டது. என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, இந்தக் காசுல அத்தை ரூமுக்கு ஏ.சி. போட்டுடலாம். ஏப்ரல் வந்தா அவங்க தூங்குறதே இல்ல.”

அது நியாயமான பேச்சு. மேல் மாடி ரூம், மேற்குப் பார்த்த சுவர். ராத்திரி பதினோரு மணிக்குத் தொட்டால்கூட தோசைக்கல் மாதிரி இருக்கும். அம்மாவுக்கு எழுபது வயசு. நாடகமா, அம்மாவின் தூக்கமா என்று கேட்டால் எந்த மகன் நாடகம் என்பான்?

பதில் சொன்னது அம்மாதான்.

“எனக்கு இது பழகின வெயில்டா. புள்ள ஆசைப்படுது, அனுப்பி வை. எங்கப்பா எங்களை மனோகர் நாடகத்துக்கு அனுப்பலியா?”

அந்தக் கதை எனக்குத் தெரியும். கும்பகோணத்தில், அம்மாவுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயசில், ஆர்.எஸ்.மனோகர் குழுவின் ‘இலங்கேஸ்வரன்’ வந்தது. ஆயிரம் தடவைக்கு மேல் மேடையேறிய நாடகம். தாத்தா ஆரம்பப் பள்ளி வாத்தியார். மூன்று பிள்ளைகளுக்கும் பெஞ்ச் டிக்கெட் வாங்கி உள்ளே அனுப்பிவிட்டு, தான் மட்டும் தட்டிக்கு வெளியே நின்று வசனத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தாராம். அந்த மாசம் வீட்டில் பால் நிறுத்தி, கடுங்காபி.

“கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அரண்மனை மாறிடும்டா. ராவணன் சாகறப்ப நான் அழுதேன். ராவணனுக்காக அழுதேன்!”

“டிக்கெட் என்ன விலைம்மா?”

“அது யாருக்கு ஞாபகம் இருக்கு?”

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அக்கவுண்டன்ஸியில் செலவை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். அன்றோடு தீர்ந்துபோவது ஒன்று, வருஷக்கணக்காகப் பலன் தருவது இன்னொன்று. நடுவில் ‘டிஃபர்ட் ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர்’ என்று ஒன்று உண்டு. செலவு இன்றைக்கே முடிந்துவிடும், கையில் பொருள் எதுவும் இருக்காது, ஆனால் பலன் பல வருஷத்துக்கு வரும். என் தாத்தா வாங்கிய பெஞ்ச் டிக்கெட் அந்த வகை. ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் தேய்மானம் ஆகவில்லை. ஏ.சி.யோ வருஷா வருஷம் தேய்ந்துகொண்டேதான் போகும்.

அதற்காக 50,000-ஐத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. கணக்கைத் திருப்பிப் போட்டோம். யார் போனால் நாடகம் மனசில் தங்கும்? மகள். துணைக்கு அவள் அம்மா. சீட்? மேல் அடுக்கில், விலை குறைந்தது. தங்கல்? செம்பூரில் மனைவியின் சித்தி வீடு. ரயிலில் ஸ்லீப்பர். மொத்தம் 20,000-க்குள் அடங்கியது. மிச்சத்தை முன்பணமாக வைத்து, மே மாசம் தவணையில் ஏ.சி. வந்தது. அம்மா ‘பழகின வெயில்’ என்று சொன்னாரே தவிர, ரிமோட்டைத் தலையணைக்கு அடியில்தான் வைத்துக்கொள்கிறார்.

திரும்பி வந்ததும் மகள் இரண்டு நாள் வாய் மூடவில்லை. “மேல் சீட்டுதான்ப்பா சூப்பர். அந்தப் பெரிய சாண்ட்லியர் கண்ணுக்கு நேரா தொங்குச்சு. லைட் எங்கேர்ந்து வருது, எப்படி விழுதுன்னு எல்லாம் தெரிஞ்சுது.” இப்போது காலேஜ் குழுவில் நடிப்பைவிட லைட் போர்டில்தான் அதிக நேரம் நிற்கிறாளாம். மனைவியைக் கேட்டேன். “பாதி நேரம் நாடகத்தைப் பாத்தேன், பாதி நேரம் இவ முகத்தைப் பாத்தேன். ரெண்டும் நல்லா இருந்துச்சு” என்றாள்.

ஆகவே, என்னைக் கேட்டால் முன் வரிசைக்காக ஏங்க வேண்டாம். ஷேக்ஸ்பியர் காலத்து குளோப் அரங்கில், 1599-ல் கட்டியது, ஒரு பென்னி கொடுத்தவர்கள் நின்றுகொண்டு பார்ப்பார்கள். மேடைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அவர்கள்தான். அதை மறுபடி கட்டி 1997-ல் லண்டனில் திறந்தபோதும் நிற்கிறவர்களுக்கு 5 பவுன் என்று மலிவாகவே வைத்தார்கள். நியூயார்க்கில் அன்றன்று விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டைப் பாதி விலைவரை குறைத்துக் கொடுக்க 1973-லேயே டைம்ஸ் ஸ்கொயரில் ஒரு கவுன்ட்டர் திறந்தார்கள். விலை உயர்ந்த நாடகத்துக்கும் பின்வாசல் ஒன்று அநேகமாக இருக்கும். தேடுகிற பொறுமைதான் வேண்டும்.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான். ஹாலில் விளக்கு அணைந்த ஐந்தாவது நிமிஷம் எந்தத் தொகை உங்களுக்கு மறந்துபோகுமோ, அதுவரை கொடுக்கலாம். ஒருத்தருக்கு அது 5,000. இன்னொருத்தருக்கு 200. அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. விளக்கு அணைந்த பிறகும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் உங்கள் சக்திக்கு மீறிக் கொடுத்துவிட்டீர்கள். நாடகம் நடக்கும்போது வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் கொடுத்த 200 ரூபாய்கூட தண்டம்.

மும்பைக்கும் நியூயார்க்குக்கும் எல்லோராலும் போக முடியாது. இந்த வாரம் உங்கள் ஊர் சபாவில் என்ன நாடகம் என்று பாருங்கள். பார்த்தவர்கள் இரண்டு பேரிடம் விசாரியுங்கள். நல்லா இருக்கு என்றால் டிக்கெட் வாங்கிப் போங்கள். தெரிந்தவராச்சே என்று பாஸ் கேட்டு நாடகக்காரருக்கு மட்டும் போன் போடாதீர்கள். பாவம், அந்த நேரத்தில் அவர் மீசை ஒட்டிக்கொண்டிருப்பார்.