மீனின் இதயமும் நம் மறையுரையும்

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதையின் பன்னிரண்டாம் நிலையில் முழந்தாளிட்ட நாம் எழுந்திருக்க இயலாமற் போயிற்று. நெஞ்சின் நடுவே பாறாங்கல்லை ஏற்றி வைத்தாற்போன்ற பாரம். பீடச்சிறுவர்கள், சாமியார் உருக்கத்தில் ஆழ்ந்துவிட்டார் என்றெண்ணிச் சற்று நேரம் காத்திருந்தனராம். பிறகுதான் கோயிற்பிள்ளை வந்து தோளைத் தொட்டார். நகரத்து மருத்துவமனையில் அடைபட்ட குருதிக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தோம். வீடு திரும்பும் நாளில் இளம் மருத்துவர் ஒருவர் எக்கோ படத்தைக் காட்டி, இதயத்தின் இடக் கீழறையில் ஒரு பகுதி அசையாதிருப்பதைச் சுட்டினார். “அது தழும்பு ஃபாதர். செத்துப்போன தசை இனி வராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்திக்கணும்” என்றார்.

நம் அக்காள் மகள் வடநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றுகிறாள். என்ன பணி என்று குடும்பத்தில் எவரும் கருத்தூன்றிக் கேட்டதில்லை. “மீன் வளர்க்கிறாள்” என்பதே அக்காள் ஊராருக்குச் சொல்லும் விடை. கேட்பவர்கள் இறால் பண்ணை போலும் என்று எண்ணிக்கொள்வர். நம்மைப் பார்க்க வந்தவள் எக்கோ அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, “சாமி மாமா, எங்க மீனுக்கு இப்படித் தழும்பு நிக்காது” என்றாள். அன்று மாலை நம் மேசையிலிருந்த திருப்புகழ்மாலையை ஒதுக்கிவைத்துவிட்டு, தாளில் படம் வரைந்து அவள் விளக்கியவற்றை ஒரு குழந்தையின் வியப்போடு கேட்டோம்.

அம்மீனை வரிக்குதிரை மீன் என்பர். மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளம். உடல் நெடுகிலும் நீலக் கோடுகள். அலங்கார மீன் கடைகளில் மிக மலிவாகக் கிடைப்பது. நம் துணைக்கண்டத்து ஓடைகளிலும் நெல்வயல்களிலும் திரியும் உயிர் இது. 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், கங்கையிலும் அதன் கிளையாறுகளிலும் வாழும் மீன்களைப் பற்றி எழுதிய நூலில் இதனை விவரித்தார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அது பெரும்பாலும் கண்ணாடித் தொட்டிகளுக்கு அழகு சேர்ப்பதாகவே இருந்தது.

அதனை ஆய்வு மேசைக்கு உயர்த்தியவர் ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர். 1927இல் புடாபெஸ்டில் பிறந்த யூதர். நாசிக் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சென்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். நுண்கிருமிகளைத் தாக்கும் வைரஸ்களின் மரபியலில் பெயர் பெற்றிருந்த அவர், ஆரிகன் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, முதுகெலும்புள்ள உயிர் ஒன்றில் மரபணுக்களின் செயலைக் காண விழைந்தார். எலி செலவு மிக்கது. அதன் கரு தாயின் வயிற்றுக்குள் மறைந்து வளர்வது. மீனோ வாரந்தோறும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். முட்டை நீரில் கிடக்கும். உள்ளிருப்பது கண்ணுக்குத் தெரியும். 1981இல் வெளியான அவரது கட்டுரை, தாயின் மரபணுக்களை மட்டுமே கொண்ட மீன் பரம்பரைகளை உருவாக்கும் வழியைக் காட்டியது. மூன்றாண்டுகள் கழித்து, நீரடி நீச்சலின்போது மாரடைப்பால் இறந்தார். இதனைச் சொன்னபோது மருமகள் ஒரு கணம் நம்மைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாமோ என்று எண்ணியவள்போல் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் தொடங்கியதைப் பிறர் பெருக்கினர். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும், பாஸ்டனில் வோல்ஃப்காங் டிரீவரும் ஆயிரமாயிரம் மீன் குடும்பங்களை வளர்த்து, மரபணுவில் பழுதுற்ற குஞ்சுகளைத் தேடினர். பழுதுற்றதைக் கொண்டே பழுதற்றது எவ்வாறு உருவாகிறது என்று அறியும் முறை இது. இதயம் துடியாத குஞ்சு, குருதி வெளுத்த குஞ்சு, காது உருவாகாத குஞ்சு என அவர்கள் கண்டவற்றை 1996 டிசம்பரில் ஒரே ஆய்விதழில் 37 கட்டுரைகளாக வெளியிட்டனர். 2013இல் இம்மீனின் மரபணுத் தொகுதி முழுமையாக வாசித்து வெளியிடப்பட்டபோது, மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டிற்கு இம்மீனில் உறவு மரபணு உண்டு என்பது தெரியவந்தது. நோய்களோடு தொடர்புடையவை என்று அறியப்பட்டவற்றுள் அது 80 விழுக்காட்டிற்கும் மேல்.

இடையே ஒன்று. இம்மீனில் ‘கோல்டன்’ என்றொரு வகை உண்டு, கோடுகள் வெளுத்திருக்கும். அதன் காரணமான மரபணுவைப் பென்சில்வேனியாவில் கீத் செங் குழுவினர் 2005இல் கண்டறிந்தனர். அதே மரபணுவில் நேர்ந்த ஒற்றை எழுத்து மாற்றமே ஐரோப்பியரின் வெளிர்நிறத்திற்குப் பெரியதொரு காரணம் என்பதும் வெளிப்பட்டது. அம்மாற்றம் நம் நாட்டிலும் பரவலாக உண்டு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவருக்கு வாய்த்து மற்றவருக்கு வாய்க்காமற் போகலாம். மணமகள் தேவை விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’ என்று கேட்டு வரும் நம் பங்கு மக்கள் எதன்பொருட்டு இத்தனை பாடுபடுகின்றனர் என்பதனை எண்ணிச் சிரித்துக்கொண்டோம்.

இதயத்திற்கு வருவோம். 2002இல் கென்னத் பாஸ், மார்க் கீட்டிங் ஆகியோரின் குழு, இம்மீனின் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை நறுக்கி எடுத்தது. குருதி உறைந்து காயத்தை அடைத்தது. மீன் பிழைத்து நீந்தியது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் உறைந்த குருதி இருந்த இடத்தில் துடிக்கும் தசையே வளர்ந்து நிறைந்துவிட்டது. 2010இல் வெளிவந்த ஆய்வுகள் இன்னும் வியப்பானவை. எங்கிருந்தோ புதிய உயிரணுக்கள் வந்து இவ்வேலையைச் செய்யவில்லை. காயத்தின் அருகே எஞ்சியிருந்த தசையணுக்களே தம் முதிர்ச்சியைச் சற்றுக் கழற்றி வைத்து, இளமைக்குத் திரும்பிப் பெருகுகின்றன. நம் மாரடைப்பைப் போலவே தசை இறந்து உள்ளேயே தங்கும்படி, மீனின் இதயத்தை உறைகுளிரால் தாக்கியும் 2011இல் சோதித்தனர். அப்போது மீனுக்கும் தழும்பு உண்டாகிறது. ஆனால் சில மாதங்களில் அது கரைகிறது.

மனித இதயம் அறவே புதுப்பிக்காததன்று. அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தில் கலந்துவிட்ட கதிரியக்கக் கார்பனைக் கொண்டு, ஸ்டாக்ஹோம் அறிஞர்கள் 2009இல் இதயத்தசை அணுக்களின் வயதைக் கணித்தனர். 25 வயதில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு புதிதாகிறது. 75 வயதில் அதிற் பாதிகூட இல்லை. பிறந்து ஒரு நாளே ஆன எலிக்குஞ்சின் இதயம் மீனைப்போல் மீள்கிறது. ஒரு வாரத்திற்குள் அவ்வாற்றலை இழந்துவிடுகிறது. நமக்கும் ஒரு காலத்தில் அது இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணம், ஐம்பதைக் கடந்து நெஞ்சில் தழும்போடிருப்பவனை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

அது நம்மைப் பிழை செய்ய வைத்தது. பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறு. உயிர்த்த ஆண்டவர் தம் கைகால்களைச் சீடருக்குக் காட்டி, அவர்கள் முன் மீன் உண்ட நற்செய்திப் பகுதி. தழும்பும் உண்டு, மீனும் உண்டு. மறையுரையாளனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நோய்க்குப் பின் பீடமேறிய முதல் ஞாயிறு ஆதலால் மக்களும் செவி சாய்த்திருந்தனர். மீனின் கதையைச் சொன்னோம். இதயம் மட்டுமன்று, தசை நலிவு, விழித்திரை நோய், தண்டுவடக் காயம் அனைத்திற்கும் இம்மீனிடம் விடை இருக்கிறது என்றோம். சிற்றுயிருக்கு இவ்வருளை ஈந்தவர் மனிதனுக்கு மறுப்பாரோ, அந்நாள் தொலைவில் இல்லை என்று முடித்தோம். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். அது நமக்கு இனித்தது.

திருப்பலி முடிந்து திருவுடையைக் களைந்துகொண்டிருந்தபோது, பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய் வாயிலில் நின்றார். அவருடைய ஒரே மகனுக்கு டூஷேன் தசைச்சிதைவு நோய். பத்து வயதில் நடை நின்றுவிட்டது. அப்போது வயது பதின்மூன்று. “சாமி, அந்த மீன் மருந்து எந்த ஆஸ்பத்திரியில குடுக்காங்க? சங்கிலியை அடகு வைக்கச் சொல்லிட்டேன்” என்றார்.

அன்றிரவு மருமகளிடம் தொலைபேசியில் பேசினோம். நெடுநேரம் ஒன்றும் சொல்லாதிருந்தவள், “மீனை உவமை ஆக்கிட்டீங்களே மாமா” என்றாள். பிறகு, கேட்டதற்கு நேராக விடை சொன்னாள். அச்சிறுவனின் உடலில் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உருவாவதில்லை. அதே புரதம் இல்லாத வரிக்குதிரை மீன் வகை ஒன்று உண்டு. அது டூஷேன் நோய்க்கு ஒப்பானது என்று 2003இல் நிறுவப்பட்டது. நல்ல குஞ்சின் தசை, முனைவாக்கிய ஒளியில் வெள்ளிபோல் மின்னும்; நோயுற்ற குஞ்சின் தசைநார்கள் பற்றிய இடத்திலிருந்து பிய்ந்து, ஒளி மங்கும். எனவே குஞ்சுகள் நீந்தும் நீரில் மருந்துகளை ஒவ்வொன்றாய்க் கலந்து, எதில் ஒளி திரும்புகிறது என்று பார்க்கிறார்கள். 2011இல் இவ்வாறு தேர்ந்தவற்றுள் ஒன்று, பாஸ்போடைஎஸ்டரேஸ் என்னும் நொதியைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. அவ்வகையிலேயே வேறொரு மருந்து 300க்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் சோதிக்கப்பட்டு, 2017இல் முடிவு வெளியாயிற்று. நடக்கும் ஆற்றல் குறைவதை அது தடுக்கவில்லை. “மீன் எங்களுக்குக் கேள்வியைக் காட்டும் மாமா. பதிலை மனுஷங்ககிட்டதான் பாக்கணும். அதுக்குப் பத்து வருஷமும் ஆகும், ஒண்ணுமில்லாமலும் போகும்” என்றாள்.

குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் ஒப்புமை பற்றிய ஒரு பாடம் உண்டு. படைத்தவருக்கும் படைப்புக்கும் இடையே எத்தகைய ஒப்புமையைக் கூறினும், அதனினும் பெரிதான வேற்றுமையையும் உடன் கூறியாக வேண்டும் என்பது 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கத்தின் போதனை. தேர்வில் இதனை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றோம். மீனுக்கும் மனிதனுக்கும் இடையே வந்தபோது மறந்துபோனோம். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் அக்காள் மகளோ, இலாத்தரன் சங்கத்தைக் கேள்விப்படாமலேயே அப்பாடத்தை நாள்தோறும் கடைப்பிடிக்கிறாள். மீனின் இதயம் ஒரு மேலறையும் ஒரு கீழறையும் கொண்டது. அதனுள் அழுத்தம் குறைவு. நம் கீழறையோ பேரழுத்தத்தில் இயங்குவது. அங்கே இறந்த தசையின் இடத்தில் கெட்டித் தழும்பு உடனே விழாவிடின் சுவர் கிழிந்து அன்றே சாவோம். நாம் பழித்த அத்தழும்புதான் நம்மைப் பாஸ்கா ஞாயிறு வரை கொண்டுவந்து சேர்த்தது. மறையுரைக்கு வேண்டிய செய்தி அங்கேயே இருந்திருக்கிறது; நாம் மீனின் பின்னால் ஓடினோம்.

மறுநாள் அத்தாயின் வீட்டிற்குச் சென்று திண்ணையில் அமர்ந்து, அறிந்தது அனைத்தையும் அவருக்கு விளங்குமாறு கூறினோம். முறத்திலிருந்த இலையை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. “அப்ப இல்லன்னு சொல்லுதீங்க” என்றார். இல்லை என்றோம். இப்போதைக்கு இல்லை என்று சொல்ல நா எழுந்தது, அடக்கிக்கொண்டோம். சங்கிலி அடகுக்குப் போகவில்லை என்பதொன்றே அன்று நாம் பெற்ற ஆறுதல். அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்தும் நம் பிழையைச் சொன்னோம். அன்று எவரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

திண்ணையிலிருந்து எழும்போது உள்ளிருந்து அச்சிறுவன் கேட்டான்: “சாமி, நறுக்கும்போது அந்த மீனுக்கு வலிக்காதா?”

கோயிலிலிருந்த ஒருவருக்கும், நமக்குந்தான், தோன்றாத கேள்வி அது. கேட்டுச் சொல்கிறோம் என்றோம். ட்ரைக்கெய்ன் என்னும் மயக்கமருந்து கலந்த நீரில் இட்டு, அசைவு நின்ற பின்னரே நறுக்குவர் என்றும், மீன் நோவை எவ்வளவு உணரும் என்பதில் அறிஞர் இன்னும் ஒருமனப்படவில்லை என்றும் மருமகள் சொன்னதை அப்படியே அவனுக்குச் சொன்னோம். சிறிது யோசித்துவிட்டு, அம்மீனைப் பார்க்க வேண்டும் என்றான்.

நகரத்துக் கடையிலிருந்து பத்து மீன்கள் வாங்கி வந்து, பங்களாவின் முன்னறையில் தொட்டி வைத்தோம். பள்ளி விட்டதும் பையன்கள் அவனது சக்கர நாற்காலியைத் தள்ளி வருவார்கள். தீனியிடும் உரிமை அவனுக்கு மட்டுமே. சில வாரங்களில் பெண்மீன்களின் வயிறு பருத்தது. ஆயினும் முட்டை ஒன்றும் காணோம். இம்மீன்கள் விடியல் ஒளி பட்டதும் முட்டையிட்டு, இட்ட முட்டையைத் தாமே தின்றுவிடும் என்பதும், அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பினால் முட்டைகள் இடுக்கில் விழுந்து தப்பும் என்பதும் மருமகள் சொல்லித் தெரிந்தது. தெருப் பையன்களிடம் கோலி திரட்டும் பொறுப்பை அவனே ஏற்றான். நூற்றுக்கு மேல் சேர்ந்தது. திருப்பித் தரவேண்டிய கணக்கைச் சிட்டையில் எழுதி வைத்திருந்தான்.

இரண்டாம் நாள் காலை கோலிகளுக்கு அடியில் கண்ணாடி மணிகளாய்க் கிடந்தன முட்டைகள். ஒரு மில்லிமீட்டரும் இராது. பங்குப் பள்ளியின் நுண்ணோக்கியை முன்னறைக்குக் கொண்டுவந்தோம். முதலில் ஒற்றை அணு. முக்கால் மணி நேரத்தில் இரண்டு. பின்னர்க் கால்மணிக்கு ஒருமுறை நான்கு, எட்டு, பதினாறு. மறுநாள் காலை அவன் வந்து குனிந்தபோது தலையும் வாலும் கண்ணும் தெரிந்தன. கண்ணுக்குக் கீழே, மஞ்சட்கருவின் மேல், ஏதோவொன்று விட்டுவிட்டு அசைந்தது.

நம்மையும் பார்க்கச் சொன்னான். பார்த்துவிட்டு விலகினோம். கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு ஒரு நிமிடத்திற்கு எத்தனை துடிப்பு என்று எண்ணத் தொடங்கினான். எழுபது வரை உதடு அசைந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, “விட்டுப்போச்சு சாமி, முதல்லேருந்து எண்ணுதேன்” என்று மீண்டும் குனிந்தான்.